அமைதிமானி

அமைதிப் படைக்கு இனி ஆட்களே வேண்டாம், கருவி போதும் என்று பெரிய மனிதர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். தெருவுக்கு ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி. அமைதி இருந்தால் தலைமையகத்தில் பச்சை விளக்கு. கெட்டால் சிவப்பு, ஆளில்லாக் கவச வண்டி தானாகவே கிளம்பிவிடும். பெட்டி செய்பவர்களுக்கு "அமைதியை அளக்கவும்" என்று எழுதிக் கொடுத்தவன் படையின் மொழிபெயர்ப்பாளன். அவர்கள் மகா கெட்டிக்காரர்கள், சத்தத்தை அளக்கும் பெட்டியைச் செய்து அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் காலை அவனுடைய அக்கா போனில் கிசுகிசுத்தாள்.

"துப்பாக்கிக்காரனுங்க தெருமுனையில நிக்கிறானுங்கடா. வீடு வீடா ஆளப் புடிக்கிறானுங்க. மூச்சு விடாம உக்காந்திருக்கோம். வண்டி அனுப்பு!"

அவன் அதிகாரியிடம் ஓடினான். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே திரையைக் காட்டினார்.

"உங்க அக்கா தெருவா? பச்சைப்பசேல்னு இருக்கே! இந்த வருஷத்துலயே இவ்வளவு அமைதி எங்கயும் இல்ல. வாழ்த்துகள்!"

"பயத்துல வாய மூடிட்டு இருக்காங்க சார்!"

"பயமெல்லாம் பெட்டியில வராதுப்பா."

அடப்பாவி, எழுதிக் கொடுத்தவன் நான்தானே என்று அவனுக்கு உறைத்தது. வெளியே வந்து போனை எடுத்தான்.

"அக்கா, தட்டு, பானை, கதவு, எது கெடச்சாலும் தட்டு. தெருவே தட்டணும்!"

"பைத்தியமாடா உனக்கு? சத்தம் கேட்டா சுட்டுருவானுங்க!"

"சத்தம் கேட்டாத்தான் வண்டி வரும்!"

அக்கா தட்டினாள். பக்கத்து வீடு தட்டியது, எதிர்வீடு தட்டியது, தெருவே அதிர்ந்தது. சிவப்பு எரிந்தது. வண்டி வந்து நின்றதும் துப்பாக்கிக்காரர்கள் சந்துக்குள் நழுவினார்கள். வண்டியின் ஒலிபெருக்கி, அவன் குரலில் பதிவு செய்திருந்ததைக் கணீரென்று சொன்னது: "தயவுசெய்து அமைதி காக்கவும்."

சொன்ன பேச்சு கேட்கிற ஜனங்கள், பாவம், தட்டுவதை நிறுத்தினார்கள். பச்சை எரிந்தது. வண்டி திரும்பியது. சந்துக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஐயோ, நிறுத்தாதீங்க! அந்தக் குரல் பேச்சக் கேக்காதீங்க!" என்று அவன் போனில் அலறினான்.

மூன்று நாளாக முறை வைத்துத் தட்டுகிறார்கள். வண்டி அங்கேயே நிற்கிறது. அறிக்கை வந்தது, அவன்தான் மொழிபெயர்த்தான். வட்டாரத்திலேயே அமைதி கெட்ட தெரு அது ஒன்றுதானாம். மற்ற தெருக்களுக்குப் பாராட்டு மடல் போகிறது. அங்கே எந்த வீட்டுக்குப் போன் போட்டாலும் எடுக்க ஆளில்லை.

"கை ஓஞ்சு போச்சுடா," என்றாள் அக்கா.

"தட்டுக்கா," என்றான் அவன். "தட்டிக்கிட்டே இரு."