ஆணி மரத்துக்கு ஒரு கட்டர்

எங்கள் தச்சுப் பட்டறையில், பலகை பாதி உள்ளே போயிருக்கும்போது, மரம் இழைக்கிற பிளேனர் மெஷின் படீரென்று அலறியது. தீப்பொறி பறந்தது. என் வீட்டுக்காரர் மருதுபாண்டி பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தார். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கக்கூட இல்லை. எனக்கு இப்போதெல்லாம் எதற்கும் தூக்கிவாரிப் போடுவதில்லை.

மூடியைக் கழற்றினால், உருளையில் இருந்த நீளமான மூன்று பிளேடுகளும் ஒரே இடத்தில் பல்லு விழுந்து கிடந்தன. இனி எதை இழைத்தாலும் நடுவில் ஒரு கோடு புடைத்து நிற்கும். பலகையில் கறுத்துப்போன ஆணி ஒன்று. அதன் கழுத்தில் சுற்றியிருந்ததைத் தொட்டுப் பார்த்தேன். முடி.

"இது எந்த மரம்?"

அவர் மெஷினைத் துடைப்பது போல பாவலா பண்ணினார்.

"உங்களைத்தேன் கேக்குறேன். காது அடைச்சுப்போச்சா?"

"திருச்சுழி ரோட்டுப் புளியமரந்தேன். ரோட்டை அகலப்படுத்துறாகள்ல, ஏலம் விட்டாக. ஒருத்தனும் கேக்கல. நம்ம அனீசு பரோட்டாக் கடைக்கு நீளமா மேசை கேட்டாருல்ல, அதுக்குன்னு எடுத்தேன்."

ஒருத்தனும் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? கோடாங்கி பேய் ஓட்டிவிட்டு, பெண்களின் உச்சிமுடியை வைத்து ஆணி அடிக்கிற மரம் அது. என் முடியும் அதில்தான் இருக்கிறது.

என் மகள் ஜெகதீஸ்வரி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். நான் அழுதேன். பெற்றவள் அழாமல் வேறு யார் அழுவார்கள்? உலை கொதிக்கும்போது அழுதேன், பஸ்ஸில் அழுதேன், நிறுத்தத் தெரியவில்லை. "இது இவ அழுகையில்ல, உள்ள எவளோ உக்காந்து அழுகுறா" என்று புகுந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். மரத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். இவர்தான் என் தோளை அமுக்கிப் பிடித்திருந்தார். பிள்ளையின் பேரை இனிமேல் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று கோடாங்கி சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு நின்ற அழுகைதான். அழுகையோடு எல்லாமே நின்றுவிட்டது. சோறு உப்புக் கரித்தாலும் தெரிவதில்லை. என்னைப் பெற்ற அப்பா செத்தபோது கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று காறித் துப்பினார்கள். அழுதால் பேய், அழாவிட்டால் கல்நெஞ்சு. நல்லா இருக்கிறதய்யா உங்கள் நியாயம்!

எனக்கு என் அழுகை திரும்ப வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

டீயைக் குடித்துவிட்டு வந்து, அவர் செல்லில் ஒரு வீடியோவைக் காட்டினார். உருளையைச் சுற்றி, திருகாணியின் புரி மாதிரி ஏறிப்போகிற வரிசையில் சின்னச் சின்னச் சதுர பிளேடுகள்.

"ஸ்பைரல் கட்டராம். சத்தமும் கம்மி. ஒரு பிளேடு உடைஞ்சா அதை மட்டும் திருப்பி மாட்டிக்கிரலாம். நாலு பக்கமும் மொனை இருக்கு. இதைப் போட்டுட்டா ஆணியப் புடுங்க வேண்டியதில்ல. அதுபாட்டுக்கு உள்ளயே கெடக்கட்டும்."

ஓகோ, ஆணியைப் பிடுங்கினால் பேய் கிளம்பிவிடும் என்பதுதான் மனுசனுக்குக் கவலையா என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

மதுரையில் கட்டர் விற்கும் பூமிநாதனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். கடைக்காரர்களிடம் பேசுவது எப்போதும் நான்தான். இழைக்கப்போவது புளி என்றேன். உருளைத் தண்டு எவ்வளவு கனம், பேரிங் உட்காருகிற இடம் எவ்வளவு என்று அவர் கேட்கக் கேட்க, இவர் அளந்து சொன்னார்.

"அதுல ரெண்டு ரகம் இருக்குக்கா. பிளேடை நேரா வச்சது, சாய்ச்சு வச்சது. புளிக்கு நார் முறுக்கிக்கிட்டுல்ல ஓடும்? நேரா வச்சது பிச்சு எடுத்துரும். சாய்ச்சு வச்சதை எடுங்க. மோட்டாருக்குக் கொஞ்சம் கனமா இழுக்கும். ஒரேயடியா கொடுக்காம மெலிசு மெலிசா எடுத்தா ஒண்ணும் செய்யாது."

"சாய்ச்சு வச்சதே இருக்கட்டும். ஆணி பட்டா?"

"ஆணி மேல எந்தக் கட்டரும் ஓடாதுக்கா. அந்தச் சின்ன பிளேடு ரொம்பக் கெட்டி, ஆனா பட்டுன்னு தெறிச்சுரும். கண்ணுல பட்டா என்னாகுறது? பூராத்தையும் புடுங்கிட்டுத்தான் விடணும்."

இவர் முகம் செத்துப்போனது. போனை வைத்ததும் பக்கத்தில் வந்தார்.

"புடுங்குனா உனக்குத் திரும்ப வந்துருமோ என்னமோ?"

"வரட்டும்."

பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தைப் பலகை பலகையாகத் தடவினேன். இழுத்த இடத்திலெல்லாம் உளியால் நோண்டி, குறடால் பிடுங்கினேன். அவர் தொடவில்லை. எத்தனை பெண்களை அடித்து வைத்திருக்கிறார்கள்! எது என்னுடையது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றையும் பிடுங்கியதும் அழுகை வருகிறதா என்று பார்த்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. கடைசி ஆணியையும் டப்பாவில் போட்டேன். அப்போதும் வரவில்லை.

"ஒண்ணும் பண்ணலையே?"

"ஒண்ணும் பண்ணல."

அவருக்கு உயிர் வந்தது. "நல்லவேளை" என்றார். அந்த வார்த்தைக்காகவே குறடை அவர் மேல் எறிந்திருப்பேன். எறியக்கூடக் கோபம் முழுசாக வரவில்லை. பூமிநாதனுக்குத் திரும்பப் போன் போட்டேன்.

"ஆணியெல்லாம் எடுத்தாச்சு. அனுப்பிருங்க."

"பில்லு யாரு பேருக்குக்கா?"

"எம் பேருக்குச் சொல்லு" என்றார் இவர்.

"ஜெகதீஸ்வரி" என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

"உங்க பேராக்கா?"

"எம் மக பேரு."

"அப்படியா, பாப்பா என்ன படிக்குது?"

"செத்துப்போச்சு."

"அய்யோ" என்றார் பூமிநாதன். "அய்யோ... அக்கா."

முகம் தெரியாத மனுசன். இத்தனை வருசத்தில் என்னிடம் யாரும் அய்யோ என்று சொன்னதில்லை. மூச்சை இழுத்தேன், அது சத்தமாக வந்தது. அடுத்த மூச்சு இன்னும் சத்தமாக, அழுகையாக வந்தது.

இவர் ஆணி டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன, பயமா இருக்கா?"

"ஆமா புள்ள."

"நல்லாப் பயப்படுங்க" என்றேன்.