இரண்டாவது சூடு

கம்பி பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தபோது சைலன்சரிலிருந்து துரு செதில் செதிலாக உதிர்ந்து, கீழே விரித்திருந்த பழைய போர்வையில் விழுந்தது. வாரம் முழுக்கத் தையல் கம்பெனியில் பட்டன் வைத்து மரத்துப்போன விரல்கள். லீவு நாளில் கொஞ்சம் காலை நீட்டிப் படுத்திருக்கலாம்தான். ஆனால் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முந்தின நாள் கணவன் போனில் சொன்னது காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"சைலன்சர் பூரா துருப்பிடிச்சிருக்குமே. ஹீட் பெயின்ட்னு கேட்டு வாங்கி அடிச்சு வை. சாதா பெயின்ட் அடிச்சா சூட்டுக்கு உரிஞ்சு வந்துரும்."

"வர்றீங்களா?"

"பின்ன எதுக்குச் சொல்றேன்?"

வேலைக்கென்று வெளியூர் போனவன். முதலில் மாதாமாதம் வந்தான். பிறகு லீவு கிடைத்தால் வந்தான். அப்புறம் லீவே கிடைக்கவில்லை என்றான். மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் மூடி நின்ற வண்டியை அவள்தான் அவ்வப்போது உதைத்து ஓடவிட்டு, பேட்டரி செத்துப்போகாமல் பார்த்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் இதே சைலன்சரில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். நடுரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்து அவன் ஊதியதைப் பார்த்து டீக்கடையே சிரித்தது. அவளுக்கு வலியை விட வெட்கம்தான் அதிகம்.

உப்புத்தாள் போட்டு இழைத்து, தின்னரில் துடைத்து, பெயின்ட் படக்கூடாத இடமெல்லாம் பேப்பர் ஒட்டி, ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி மெல்லிசாக அடித்தாள். காய்ந்ததும் மறுபடி ஒரு கை. கீழ்வீட்டு அக்கா வாளியோடு வந்து நின்று பார்த்தாள்.

"வீட்டுக்காரர் வர்றார்னா பொண்டாட்டிதான் மை பூசிக்குவா. நீ என்னடி வண்டிக்குப் பூசிக்கிட்டிருக்க?"

"அவருக்கு என்னை விட இதுதான்க்கா முக்கியம்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அடித்ததோடு வேலை முடியாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு, திரும்பவும் சூடாக்க வேண்டும். அதுவரைக்கும் நகம் பட்டால்கூடப் பெயின்ட் கையோடு வந்துவிடும். மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே முதல் சூடு காட்டினாள். புகையும் நாற்றமும் தாங்காமல் கீழ்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். சைலன்சர் ஆறி, மங்கலான கறுப்பில் பார்க்கப் புதுசாக நின்ற நேரத்தில்தான் வாசலில் பார்சல் வேன் வந்து நின்றது. டிரைவர் அட்டை, பிளாஸ்டிக் தாள், கயிற்றோடு இறங்கினார்.

"நீங்க சாரோட தங்கச்சிதானேம்மா?"

அவளுக்கு விளங்கவில்லை. "எந்த சார்?"

அவர் போனைப் பார்த்துப் படித்தது அவள் கணவனின் பெயர்தான். வண்டி நம்பரும் சரியாக இருந்தது. "வண்டி தங்கச்சி வீட்ல நிக்குது, பெயின்ட் அடிச்சு ரெடியா வச்சிருப்பாங்கன்னாரு. ஏத்திட்டு வரச் சொன்னாரு."

"அவரு வரலியா?"

"அவரு எதுக்கும்மா? வண்டிதானே போகணும். அவருக்கு டியூட்டியாம். அங்க வீட்டம்மா இருந்து வாங்கிக்குவாங்க."

"எந்த வீட்டம்மா?"

"அவரு சம்சாரம்தான். இப்பக்கூட போன் பண்ணாங்க. நீங்க வர்ற நேரம் பாப்பா தூங்கிட்டு இருக்கும், வாசல்ல வந்து ஹாரன் அடிச்சிராதீங்கன்னாங்க." பாப்பா என்றபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

அவள் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வருகிறேன் என்று அவன் சொல்லவே இல்லை. கேள்விக்குப் பதிலாக ஒரு கேள்வியைப் போட்டான். மிச்சத்தை அவளே நிரப்பிக்கொண்டாள். இன்னொருத்தி இருப்பதை, ஒரு குழந்தை இருப்பதை இனிமேல்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அதற்கு நாள் கிடக்கிறது. இப்போது உறுத்தியது தங்கச்சி என்ற அந்த வார்த்தைதான். பெயர் தெரியாத ஒரு டிரைவரிடம்கூடப் பொண்டாட்டி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அப்படிப்பட்டவளை உட்காரவைத்துத் துருவைச் சுரண்ட மட்டும் வைத்திருக்கிறான். வேறொருத்தி பின்னால் ஏறும்போது, 'காலைப் பார்த்து வை, சுட்டுரும்' என்று அக்கறையாகச் சொல்வான். அவன் சொல்வான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

டிரைவர் பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டு சைலன்சர் பக்கம் குனிந்தார்.

"கை வைக்காதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது.

"இன்னும் காயலை" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"காஞ்சிருச்சேம்மா, பாருங்க."

"பாக்கத்தான் அப்படி இருக்கும். இன்னொரு சூடு காட்டணும்."

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து சீட்டின் மேல் வைத்தாள். சாவியைத் திருப்பிக் கிக்கரை உதைத்தாள். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. டிரைவர் இரண்டடி பின்வாங்கி யாருக்கோ போன் செய்தார். "சார், தங்கச்சி வண்டியத் தர மாட்டேங்குறாங்க... இல்ல சார், என்னமோ காயலைங்குறாங்க..."

சைலன்சரிலிருந்து மெல்லிய புகை எழும்பியது. டிரைவர் பேசி முடித்த மறுகணம் சீட்டின் மேலிருந்த அவள் போன் அடித்தது. திரையில் அவன் பெயர். இன்ஜின் அதிர்வில் போன் வழுவழுப்பான சீட்டில் நகர ஆரம்பித்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். டிரைவர், "உங்களுக்குத்தாம்மா" என்றார். அவள் கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே சீட்டின் விளிம்புக்கு வந்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டு நடுங்கியது. அவள் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.