ஃப்ரிட்ஜ் கதவில் பதினொரு விதிகள்

பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர் அவள் அப்பா. அதில் பத்தொன்பது வருஷம் தொழிற்சங்கச் செயலாளர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிவிட்டது. சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்து, அவருக்கும் அடுத்தவர் வந்தாயிற்று. ஆனாலும் தெருவில் காய் விற்கிறவர் முதல் சொந்த மருமகன் வரை எல்லாருக்கும் அவர் இன்னும் செயலாளர்தான். மருமகன் மட்டும் நேரில் ‘மாமா’ என்பான்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் திடீரென்று நின்றுவிட்டதால் செயலாளர் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பேத்திக்கு இரண்டே கால் வயது. உருண்டு திரண்டு, எங்கே விட்டாலும் ஓடிப்போய் மூலையில் ஒளிந்துகொள்ளும் என்பதால் அதற்குப் பட்டாணி என்று பெயர்.

மகளுக்குக் குடிநீர் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊர்த் தண்ணீரைச் சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகளில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்த்து, வளர்ந்தால் எண்ணி எழுதவேண்டும். கண்ணுக்குத் தெரியாததை எண்ணுவதையே பிழைப்பாகக் கொண்டவளுக்குக் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

அப்பா வந்த மூன்றாம் நாள் காலை அவள் செல்போனை மறந்து வைத்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்தாள். கதவைத் திறந்தால் சமையலறையில் திருவிழாக் கூட்டம் மாதிரிச் சத்தம். பட்டாணி தன் உயர நாற்காலியில் வாயை ஆவென்று திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலடி தள்ளி நின்று அப்பா ஒரு முழுத் திராட்சையைக் குறி பார்த்து வீசினார். அது அவள் மூக்கில் பட்டுத் தரையில் உருண்டது. குனிந்து எடுத்தார். ‘ஃபூ’ என்று ஒரு ஊது ஊதினார். மறுபடியும் குறி பார்த்தார்.

“அப்பா!” என்று அவள் போட்ட சத்தத்தில் திராட்சை அவர் கையிலிருந்து நழுவி அடுப்புக்கு அடியில் போய்விட்டது.

“ஏன் இப்படிக் கத்தற? பிள்ள பயந்துக்கும் பாரு.”

பிள்ளை பயப்படவில்லை. “இன்னொண்ணு!” என்றது.

மேஜைமேல் அரைவேக்காட்டு முட்டை இருந்தது. அதில் ஒரே கரண்டி. அந்தக் கரண்டி முதலில் தாத்தா வாய்க்கும் பிறகு பேத்தி வாய்க்கும் போய் வந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டதால் சண்டையைச் சாயங்காலத்துக்கு ஒத்திப்போட்டாள். சாயங்காலம் அது வட்டியும் முதலுமாக வந்தது.

“இப்படித்தான் உன்னையும் வளத்தேன். நீ என்ன தேஞ்சா போயிட்ட?”

“ரெண்டாங்கிளாஸ்ல எனக்கு ஒரு மாசம் வயித்தால போச்சே, ஞாபகம் இருக்கா?”

“அது பரீட்சை பயம்.”

“ரெண்டாங்கிளாஸ்ல என்னப்பா பெரிய பரீட்சை?”

“பயம் கிளாஸ் பாத்தா வருது?”

அதற்குமேல் பேசிப் பயனில்லை. மறுநாள் அவள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பதினொரு விதிகளைத் தட்டச்சு செய்தாள். கையைச் சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை தேய்க்கவேண்டும். கீழே விழுந்தது குப்பைக்கு. பெரியவர் வாயில் வைத்த எச்சில் கரண்டி பிள்ளை வாய்க்குப் போகக்கூடாது. திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கவேண்டும். முட்டையின் மஞ்சள் கரு கெட்டியாக வேகவேண்டும். வெளியே இரண்டு மணி நேரம் இருந்த உணவைத் தூக்கிப் போடவேண்டும். இப்படியே போய், ஒன்பதாவதாக, ஃப்ரிட்ஜ் ஐந்து டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நின்றபடியே முழுவதையும் இரண்டு தரம் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு திரும்பி, “சரி. நாளையிலிருந்து விதிப்படி வேலை” என்றார்.

“ரொம்ப நன்றிப்பா” என்றாள் அவள், உண்மையாகவே மகிழ்ந்துபோய்.

மருமகன் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், பத்திரிகை படிக்கிறவன். அவன் முகம் வெளுத்தது. அவளை உள்ளே கூட்டிப்போய்க் கிசுகிசுத்தான்: “நன்றின்னா சொன்ன? விதிப்படி வேலைன்னா என்னன்னு தெரியுமா? உங்கப்பா டிப்போல ஒரு தடவை வேலைநிறுத்தமே பண்ணாம ஊரை நிறுத்தினாரே, மறந்துட்டியா? வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்னு புத்தகத்துல இருந்த முப்பத்திரண்டையும் ஒண்ணு விடாம பாத்தாங்க. அஞ்சு மணி வண்டி ஒன்பது மணிக்குக் கிளம்புச்சு. மூணே நாள். மேலதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார்.”

“அது டிப்போ. இது வீடு” என்றாள் அவள்.

மறுநாள் பத்து மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் அவள் செல்போன் அடித்தது.

“மஞ்சக்கரு கெட்டியாகணும்னு போட்டிருக்க. எவ்வளவு கெட்டி?”

“நல்லா வெந்தா போதும்ப்பா.”

“‘நல்லா’ன்னு விதியில இல்ல. ரப்பர் மாதிரியா, சோப்பு மாதிரியா?”

“சோப்பு” என்று சொல்லி வைத்தாள். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

பத்தே காலுக்கு மறுபடியும். “இதுல ஒரு திராட்சை உருண்டையா இருக்கு. நீளவாக்குன்னா எந்தப் பக்கம்?” பதினொன்றுக்கு, பிள்ளை ரொட்டியைக் கீழே போடவில்லை, தன் மடியில் போட்டுக்கொண்டிருக்கிறது, மடி என்பது கீழே கணக்கா மேலே கணக்கா? அன்றைக்கு மட்டும் பதினைந்து அழைப்பு. பதினைந்தாவதை அவளுடைய மேலாளரே எடுத்து, “பிள்ளை எச்சில் பிள்ளைக்கே திரும்பப் போகலாம் சார்” என்று தீர்ப்புச் சொன்னார்.

பசியோடு வீடு வந்தாள். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போன சோறும் கறியும் பாத்திரத்தோடு காணோம்.

“குப்பையில” என்றார் அப்பா, ஒரு நோட்டைப் புரட்டி. “ஏழே காலுக்கு நீ அடுப்ப அணைச்ச. ஒன்பதே காலுக்கு அதுக்கு ஆயுசு முடிஞ்சது. பாத்திரத்தைக் கழுவி வெச்சாச்சு.”

“ஃப்ரிட்ஜ்ல எடுத்து வெச்சிருக்கலாமேப்பா!”

“‘வை’ன்னு விதியில இல்ல. ‘தூக்கிப் போடு’ன்னுதான் இருக்கு.”

“அது பிள்ளையோட சாப்பாட்டுக்கு!”

“‘உணவு’ன்னு பொதுவா போட்டிருக்க. வாசகம் உன்னுது, என்னுது இல்ல.”

அவள் வெறும் ரொட்டியைக் கடித்தாள். பட்டினி கிடந்தாலும் கிடப்பாளே தவிர இறங்கி வரமாட்டாள். அவளும் செயலாளர் பெற்ற பிள்ளைதானே.

இரண்டாம் நாள் வம்பு வாசலுக்கே வந்தது. மாடி வீட்டு டீச்சரம்மா பட்டாணிக்கென்று ஒரு துண்டு கேக் கொண்டுவந்தார். செயலாளர் கதவை முக்கால்வாசி திறந்து, எத்தனை மணிக்குச் செய்தது, முட்டை வெந்ததா, செய்வதற்குமுன் கை கழுவினீர்களா, எதுவரை எண்ணினீர்கள் என்று வரிசையாகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். கடைசியில் நோட்டைத் திருப்பி நீட்டி, “இந்த இடத்துல ஒரு கையெழுத்து” என்றார். கேக் வந்த வழியே மாடிக்குப் போனது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்க அவள் மாடியேறினாள். “இருபது வருஷமா நான்தான்மா பிள்ளைங்கள அப்பா அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்றவ” என்றார் டீச்சரம்மா, இன்னும் நம்ப முடியாதவராக. “என்கிட்டயே கேட்டுட்டாரு உங்கப்பா.”

இதில் ஆதாயம் பட்டாணிக்குத்தான். தாத்தா ஒவ்வொரு வேளைக்கும் பணிமனை மைதானத்தில் பேசுகிற குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கை தேய்ப்பதைப் பார்த்துக் குதித்தாள். இருபது வந்ததும் கோஷம் போட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள். கரண்டியை நீட்டினால், “மணி பாத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். மருமகன் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் செயலாளர் எழுத்து மூலமாகவே ஒரு கோரிக்கை வைத்தார். ஒன்பதாவது விதியை அமல்படுத்தக் கருவி தேவை. கருவி தராமல் விதி மட்டும் தருவது நிர்வாகத்தின் பொறுப்பின்மை.

‘நிர்வாகம்’ பல்லைக் கடித்துக்கொண்டு வரும் வழியில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தது. ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அரை மணி நேரம் அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவளே திறந்து எடுத்தாள்.

பதினொன்று.

துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். பதினொன்றேதான். பால், தயிர், பிள்ளைக்கென்று வேகவைத்து மூடி வைத்த காய், எல்லாமே அதற்குள். கண்ணாடித் தட்டுகளில் தினம் அவள் எண்ணுகிற புள்ளிகளெல்லாம் கண்முன் ஊர்ந்தன.

“இது ஃப்ரிட்ஜ் இல்லம்மா” என்றார் அப்பா. “உள்ள லைட் எரியிற அலமாரி.”

ஆனால் அதைச் சொல்லும்போதே எழுந்துவிட்டார். மெக்கானிக் கை சும்மா இருக்குமா? டார்ச்சை வாங்கிப் பின்பக்கம் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், கதவைச் சுற்றியிருந்த ரப்பர் மேல் ஒரு விரலை மெதுவாக ஓட்டினார். மேல் மூலையில் விரல் நின்றது.

“இங்க வா.”

விதித்தாளை யாரும் பிய்த்துவிடக்கூடாது என்று அவள் அந்தப் பிளாஸ்டிக் உறையின் மேல் விளிம்பைக் கதவுக்கு உட்பக்கமாக மடித்து, டேப் போட்டு ஒட்டியிருந்தாள். அந்த மடிப்பு ரப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு விரல்நகம் நுழைகிற இடைவெளி. மூன்று நாளாகக் குளிரெல்லாம் அந்த வழியாகச் சமையலறைக்கு வந்துகொண்டிருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனி ஆயுசுக்கும் இந்தக் கதையைச் சொல்லுவார். காய்காரருக்குச் சொல்லுவார், டீச்சரம்மாவுக்குச் சொல்லுவார், பட்டாணி கல்யாணத்தில் மேடையேறிச் சொல்லுவார்.

கண்ணைத் திறந்தால், அப்பா டேப்பைப் பொறுமையாகப் பிய்த்துத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“சொல்லிடுங்கப்பா. உள்ள வெச்சுக்காதீங்க.”

“என்னத்தச் சொல்ல” என்றார். தாளை அவள் பக்கம் தள்ளினார். “பதினொண்ணையும் படிச்சேன். ஒவ்வொண்ணும் நான் உனக்குச் செஞ்சது. கீழ விழுந்தத ஊதிக் குடுத்தேன். ராத்திரி சோத்தக் காலையில குடுத்தேன். சட்டையில கையத் தொடைச்சிட்டு ஊட்டினேன். நீ விதின்னு எழுதியிருக்க. எனக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரி இருந்துச்சு.”

அவளுக்கு மூன்று வயதில் அம்மா போய்விட்டாள். பணிமனை கேன்டீன்காரரிடம் கேட்டுக் கேட்டுத்தான் அப்பா அடுப்புப் பற்றவைக்கவே கற்றுக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியும். அடுத்ததை மட்டும் அவர் இதுவரை சொன்னதில்லை.

“மொத வாரம் கஞ்சி கொதிக்கக் கொதிக்க ஊட்டிட்டேன். உன் உதட்டுல கொப்புளம் வந்துடுச்சு. அன்னையிலிருந்து என் வாயில வெச்சுப் பாக்காம ஒரு கரண்டி உனக்குக் குடுத்ததில்ல. மூணாவது விதியில அத எச்சில்னு போட்டிருக்க.”

அவளுக்கு ‘மன்னிச்சுடுங்க’ என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டில் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. “நான் உங்களக் குத்தம் சொல்லணும்னு எழுதலப்பா. தினம் அந்தக் கிருமியப் பாத்துப் பாத்து எனக்குப் பயம். வேலைக்குப் போனா கையில தட்டு இருக்கும், மனசு இங்கதான் இருக்கும்.”

“தெரியும்” என்றார். தாளில் ஒரு விரலை வைத்து, “நாலாவது விதியில கை வைக்காத. அது சரி” என்றார்.

“திராட்சையா?”

“நறுக்கறப்போ எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். பட்டாணி தொண்டை அளவுக்கு ஒரு ரப்பர் குழாய் துண்டு எடுத்து, முழுத் திராட்சைய உள்ள விட்டுப் பாத்தேன். வால்வு மாதிரி போய் உக்காந்துடுச்சு. வாய வெச்சு ஊதறேன், காத்துப் போகல. முப்பத்தோரு வருஷம் அடைப்பு எடுத்தவன், எனக்கே வேர்த்துடுச்சு. அன்னைக்கு நீ கத்தாம இருந்திருந்தா...” மூலையில் ஒளிந்திருந்த பட்டாணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பதினொரு டிகிரியில் கிடந்ததையெல்லாம் இருவருமாகக் குப்பையில் கொட்டினார்கள். பேச்சுவார்த்தை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. திராட்சை, முட்டை, கீழே விழுந்தது, கை கழுவுவது நான்கும் அப்படியே நின்றன. இரண்டு மணி நேரம் என்பதில் ‘அதற்குள் ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும்’ என்று சேர்ந்தது. பெரியவர்கள் சாப்பாடு விதிக்கு அப்பாற்பட்டது என்று தனியாக எழுதப்பட்டது. சூடு பார்க்கத் தாத்தாவுக்கு என்று ஒரு கரண்டி தனியாகத் தரப்படும். டீச்சரம்மாவிடம் கையெழுத்து கேட்பது கைவிடப்படும்; செயலாளரே நேரில் போய்ச் சமாதானம் பேசுவார். வேலை நேரத்தில் ஒரு நாளைக்கு ஓர் அழைப்பு என்றாள் அவள். நான்கு என்றார் அவர். இரண்டில் படிந்தது. தாளை எங்கே ஒட்டுவது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரு சொல் கூடத் தகராறு வரவில்லை. சுவரில் என்று ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மருமகன் கடையடைத்துவிட்டு வந்தான். வாசலிலேயே நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“வாங்க மாப்பிள்ளை, உடன்பாடு ஆயிடுச்சு. நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றார் செயலாளர்.

அவன் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு தாளைத் தேடித் தேடிப் பார்த்தான். “நான் எந்தப் பக்கம் மாமா போடணும்? நிர்வாகமா, தொழிலாளரா?”

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நீங்க பொதுமக்கள்” என்றாள் அவள்.

பொதுமக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். தெர்மாமீட்டரைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.