ஊருக்கெல்லாம் ஒரே நடை

தச்சருக்கும் அவர் மனைவிக்கும் பேச்சு நின்றுபோகிற நாட்களில் எங்கள் ஊரில் ஒரு கதவும் சாத்திக்கொள்ளாது. தோளால் முட்டித் தள்ளினாலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். பெரிய ஆலையை மூடிவிட்டு முதலாளிகள் கிளம்பிய ஆண்டில், இங்கே செய்ய முடிந்த எதையும் வெளியே வாங்குவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்தது. அதிலிருந்து ஏழாம் ஆண்டு இது தொடங்கியது. இங்கே செய்து இங்கேயே புழங்கும் பொருள்களுக்குச் செய்தவரின் உடம்பும் மனசும் தெரிய ஆரம்பித்தன. தையல்காரிக்குக் காய்ச்சல் கண்டால் ஊரே சட்டைக்குள் வியர்த்தது. பூட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று எல்லாப் பூட்டும் சாவி போடாமலே திறந்துகொண்டது. அன்று ஒரு குண்டூசிகூடக் களவு போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டரம்மா தன் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது நோயில் சேராது என்றார். கதவு சாத்தவில்லை என்றால் நாலு பேர் தச்சர் வீட்டுக்குப் போய்ப் புருஷன் பெண்டாட்டியைச் சமாதானம் செய்துவிட்டு வருவார்கள். அதில் பாதி அக்கறை, பாதி கதவு.

செருப்புக்காரர் விஷயத்தில்தான் ஊர் சறுக்கியது. தனிக்கட்டை, ஊர் மொத்தத்துக்கும் அவர்தான் செருப்பு செய்பவர். ஐம்பது வயதில் அவருக்கு இடது முட்டி பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் செய்த அத்தனை செருப்பும் இடது பக்கம் நொண்டின. மூன்று ஆண்டுகள் பொறுத்துக்கொண்டோம். பிறகு நெடுஞ்சாலை முக்கில் ஒரு கடை வந்தது. எங்கோ யாரோ செய்த செருப்பு, யாருடைய வலியும் அதற்குத் தெரியாது. ஒருவர் வாங்கினார், பிறகு ஒரு தெரு வாங்கியது, அடுத்த மழைக்காலத்துக்குள் ஊரே நிமிர்ந்து நடந்தது. ஆனால் அவர் பட்டறையைத் தாண்டும்போது மட்டும் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வெறுங்காலோடு போனார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டோம். அவர் தலை நிமிராமல் தோலை அறுத்துக்கொண்டிருந்தார். வெட்கக்கேடுதான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

மாற்றாதவர் ஒரே ஒருவர், அவருடைய அக்கா. ரொட்டிக்கடை நடத்தும் அந்த அம்மா தம்பியோடு பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கடை திறந்த நாளில் முதல் ரொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நான் செருப்புக்கு அடி அட்டை வெட்டிக்கலாம்" என்று நாலு பேர் முன்னால் தம்பி சொன்னதுதான் காரணம். அவன் செருப்பை மட்டும் ஏன் போட்டிருக்கிறாய் என்று கேட்டவர்களிடம், "சண்டை அவன்கூடத்தான். செருப்பு என்ன பண்ணுச்சு?" என்பார்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டாவது தட்டு ரொட்டி அடுப்பில் இருக்கும்போது, அக்காவின் வலது செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டது. தூக்கப் பார்த்தார், எழும்பவில்லை. பிறகு இடது செருப்பு தானாகத் திரும்பி அவரை வாசலுக்கு இழுத்தது. வலது காலைத் தேய்த்துக்கொண்டே, கையில் ஒரு ரொட்டியோடு, ஒன்பது ஆண்டுகளாக மிதிக்காத தெருவில் அந்த அம்மா போனதை எல்லோரும் பார்த்தார்கள். தம்பி பசை டப்பாவுக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவே வாய் கோணி விழுந்து கிடந்தார். "எந்திரிடா. கல்லு ரொட்டி கொண்டு வந்திருக்கேன். என்னன்னு சொல்லுடா" என்று அக்கா போட்ட சத்தத்தில்தான் தெரு ஓடிவந்தது. பக்கவாதம், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டரம்மா. அக்கம்பக்கத்தில் நூறு பேர் இருந்தும் அந்த ஒரு ஜோடிச் செருப்புக்குத்தான் தெரிந்திருந்தது.

அன்று மாலை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பரணிலிருந்தும் கட்டிலுக்கு அடியிலிருந்தும் அவர் செய்த பழைய ஜோடிகளை எடுத்துத் தூசி தட்டி மாட்டிக்கொண்டோம். மாட்டிய கணமே வலது கால் செத்துப்போனது. எட்டு மாதம் ஊர் வலது காலை இழுத்துக்கொண்டு நடந்தது. தபால் மத்தியானம்தான் வந்தது, பள்ளி மணியை அரை மணி நேரம் தள்ளி வைத்தார்கள். மீட்டர் பார்க்க வந்த வெளியூர்க்காரர் பயந்துபோய்த் தச்சரிடம், "என்னங்க இது, ஊரு முழுக்க ஒரே கால இழுக்குறீங்க?" என்று கேட்டார். "எங்க எல்லாருக்கும் ஒரே செருப்புக்காரருங்க" என்றார் தச்சர். அதைச் சொன்னபோது அவர் நின்ற நிமிர்வை நான் பார்த்தேன். இரண்டு காலும் நன்றாக இருந்தபோதுகூட அவர் அப்படி நின்றதில்லை.

தினமும் காலையில் அக்கா பட்டறைக்குப் போய், சுவரோரமாகத் தம்பியை நடத்திப் பழக்கிவிட்டுத்தான் கடை திறப்பார். ஒன்பதாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு, தம்பி தனியாக இருந்தபோது சுவரை விட்டுவிட்டு வலது காலைத் தூக்கி வைத்தார். கரும்பலகை முன்னால் டீச்சருக்கும், ஏணியில் நின்ற தச்சருக்கும், இரண்டு கட்டிலுக்கு நடுவே டாக்டரம்மாவுக்கும் வலது கால் மேலே போய் அழுத்தமாகத் தரையிலும் படியிலும் இறங்கியது. ரொட்டிக்கடையில் அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி நடந்துட்டான்" என்றார்.

"தெரியும்க்கா" என்றார்கள் வரிசையில் நின்றவர்கள். ரொட்டியை வாங்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்க நடந்தார்கள்.