பெட்டிக்காரர் மாட்டிய கிளட்ச்

பெட்டிக்காரர் என்றதும் ஏதோ மரப்பெட்டி செய்கிறவர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அவர் பார்ப்பது கியர்பெட்டி. கியர்பெட்டியும், அதை இன்ஜினோடு சேர்த்துவைக்கும் கிளட்சும்தான் அவருக்கு உலகம். வேலை முடிந்து வண்டி கிளம்பினால் கூடவே வாசல்வரை நடந்து வருவார், காதைச் சாய்த்துக்கொண்டு. சின்னதாக ஒரு முனகல் கேட்டால் போதும், "நிறுத்து, நிறுத்து, இறங்கு கீழே" என்று வண்டியைத் திரும்ப உள்ளே வாங்கிவிடுவார். "பரவாயில்லைங்க, ஓடுதுல்ல" என்று எவனாவது வாயைக் கொடுத்தால் தொலைந்தான். "உனக்குப் பரவாயில்லை. நாளைக்கு நாலு பேர் கேட்டா யார் மாட்டினதுன்னு சொல்லுவ? என் பேரைத்தானே?" என்று எகிறுவார். பேர் என்றால் அவருக்கு உயிர்.

உயிருக்கு அடுத்தபடி ஒரே ஒரு தங்கை. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெட்டிக்காரருக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு இவர் மச்சான். மற்ற வீடுகளில் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தால் பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் சண்டையில் முடியும். இவர்கள் இருவரும் சேர்ந்தால் மாப்பிள்ளையின் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் நான்கு பாதங்கள் மட்டும் ஆடும், குரல் வராது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்வைக்கு ஒரு பழைய சிவப்பு வண்டி, இரண்டு கதவு. மூடியைத் திறந்தால் டர்போ வைத்த எழுநூறு குதிரைச் சக்தி இன்ஜின். வாரநாளில் தங்கையைக் கடையில் இறக்கிவிடும், காய்கறிப் பையைச் சுமக்கும், சிக்னலில் பரம சாதுவாக நிற்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஊருக்கு வெளியே உள்ள பந்தயப் பாதைக்குப் போய்க் கால் மைல் தூரத்தை வாயைப் பிளந்து மூடுவதற்குள் தாண்டிவிடும். வீட்டுக்கும் அதுதான், பந்தயத்துக்கும் அதுதான். இரண்டு வண்டி வைத்துக்கொள்ள அவர்கள் என்ன ஜமீனா?

போன வருடம் மாப்பிள்ளை வேலை செய்த இடத்தில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். இடது முழங்கால் நொறுங்கிப்போனது. ஆபரேஷன், கட்டில், கைத்தடி என்று மாதங்கள் போயின. காருக்குப் போர்வை போட்டாயிற்று. மனுஷன் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் முதலில் கேட்டது கார் சாவியைத்தான். தங்கை ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போனார்கள். இன்ஜின் அலறியதே தவிர வண்டி அதற்கேற்ற வேகத்தில் நகரவில்லை. பழைய கிளட்ச் வழுக்கத் தொடங்கியிருந்தது. புது கிளட்ச் வேண்டும்.

எந்தக் கிளட்ச் என்று முடிவு செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாப்பிள்ளை தினமும் பட்டறைக்கு வந்து கவிழ்த்துப்போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்து, கட்டிலில் கிடந்த காலமெல்லாம் படித்ததை எடுத்து விடுவார். பெட்டிக்காரர் தலையைச் சொறிந்துகொள்வார்.

"என் தங்கச்சிக்கு உங்களைப் பாத்தப்பகூட நாங்க இவ்வளவு விசாரிக்கலையே மாப்பிள்ளை!"

"அதனாலதான் மச்சான் இப்படி வந்து மாட்டிக்கிட்டீங்க."

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று, ஒரே பிளேட்டு உள்ளது. எழுநூறு குதிரையையும் அந்த ஒரே பிளேட்டு பிடித்து நிறுத்த வேண்டும் என்பதால் அதை அழுத்தும் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கும். பெடலை மிதித்தால் சுவரை மிதிப்பதுபோல. இன்னொன்று ரெட்டைப் பிளேட்டு. சிறியதாக இரண்டு பிளேட்டுகள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் பிடியும் குறையாது, பெடலும் இலேசு.

"ரெட்டைப் பிளேட்டே போட்டுடலாம். தங்கச்சியும் ஓட்டறா, சிக்னல்ல நிக்கணும்" என்றார் பெட்டிக்காரர், எங்கோ பார்த்துக்கொண்டு.

"அவ பழகிக்குவா. சிங்கிள் பிளேட்டுதான் மச்சான். ரெட்டைப் பிளேட்டெல்லாம் கால் முடியாதவங்களுக்கு."

மாப்பிள்ளை அங்கேயே உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டு, சிங்கிள் பிளேட்டுக்குச் சொல்லிவிட்டு, இடது காலைக் கையால் லேசாகத் தூக்கி வைத்து எழுந்து போனார்.

மறுநாள் மதியம் தங்கை வந்து நின்றாள், மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"அண்ணா, அந்தக் கிளட்சை மாட்டாத."

"என்னம்மா ஆச்சு?"

"தினம் காலையில கட்டில் ஓரத்துல உக்காந்து பீரோவைக் கால் வச்சுத் தள்ளிப் பழகறாரு. நான் குளிக்கப் போயிருக்கேன்னு நெனப்பு. பத்து எண்றதுக்குள்ள கால் வெடவெடன்னு நடுங்குது. வேர்த்து விறுவிறுத்துப் போய் அப்படியே உக்காந்துடறாரு. அந்தப் பெடலை அவரால மிதிக்க முடியாது அண்ணா."

"அவரே சொல்லட்டுமே, வேண்டாம்னு."

"சொல்ற ஆளா அவரு? மிதிச்சுப் பாப்பாரு, முடியாது, இறங்கி வந்து வண்டியை வித்துடுன்னுவாரு. அப்புறம் அந்த வீட்ல நான் யாரோட பேசறது? இந்தக் கார்தான் அண்ணா அவரைக் கட்டில்லருந்து எழுப்பிச்சு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். பெட்டிக்காரருக்குத் தங்கை அழுதால் கை கால் ஓடாது. கிரீஸ் கையோடு தலையில் தட்டிக்கொடுக்கப் போய்ப் பாதியில் நிறுத்தி, "சரி சரி, போ. நான் பாத்துக்கறேன். மூக்கைத் துடை, கடையில மருந்து வாங்க வர்றவன் பயந்துடப் போறான்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். உதிரிபாகக் கடைக்காரரிடம் தனியாகப் பேசினார். சிங்கிள் பிளேட்டு என்று எழுதிய டப்பாவில் ரெட்டைப் பிளேட்டு வந்து இறங்கியது. மாப்பிள்ளை பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கியர்பெட்டியை இறக்கி மாட்டி முடித்துவிட்டார். பிளேட்டுகள் உள்ளே போய் மூடிக்கொண்டால் வெளியிலிருந்து யார் பார்க்கப்போகிறார்கள்? தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு டீ குடித்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். முகம் வெளுத்திருந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்து, இடது காலைப் பெடலின் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கூடவே வந்த தங்கை பட்டறைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். பெடல் தரைவரை போய்த் திரும்பியது.

"மச்சான்!" என்று கத்தினார். "மச்சான், போகுது பாருங்க!" மறுபடி மிதித்தார், மறுபடி. "ஏய், இங்க வா, பாரு, என் கால் பாரு!" தங்கை சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். பெட்டிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இல்லாத ஸ்பேனரைத் தேடினார். அடடா, அந்த ஒரு நிமிஷத்துக்காக என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இருந்தது அவருக்கு.

மாப்பிள்ளை பெடலை மிதித்தபடியே சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. கூடவே அடியிலிருந்து கலகலவென்று ஒரு சத்தம், தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவதுபோல. பெடலை விட்டால் சத்தம் நின்றது. மிதித்தால் கலகல.

பெட்டிக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. ரெட்டைப் பிளேட்டு பெடலை மிதித்திருக்கும்போது உள்ளே தளர்ந்து ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் போடும். அது கோளாறு அல்ல, அதன் பிறவிக் குணம். அவருக்குத் தெரியாதா? இருபது வருஷமாகத் தெரியும். ஆனால் அந்த நாளெல்லாம் மாப்பிள்ளையின் காலையே நினைத்துக்கொண்டிருந்தவருக்குக் காது மறந்துபோயிற்று!

"என்ன மச்சான் சத்தம்?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். பெட்டிக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது... ரிலீஸ் பேரிங். புதுசு. நான்தான் கொஞ்சம் சரியா உக்கார வைக்கல போல. ஓட ஓடச் சரியாயிடும்."

மாப்பிள்ளை அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி மச்சான்" என்றார்.

புது கிளட்சைப் போட்டதும் பந்தயத்தில் விரட்டக்கூடாது. ஊருக்குள்ளேயே நிதானமாக ஓட்டிப் பிளேட்டுகளைப் படியவைக்க வேண்டும். ஆக, அந்தச் சிவப்பு வண்டி சில வாரங்கள் ஊரிலுள்ள எல்லா சிக்னலிலும் நின்று கலகலத்தது. மாப்பிள்ளைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. மாமனார் வீடு, நண்பர் வீடு, ஒன்றுமில்லாவிட்டால் பெட்ரோல் பங்கு என்று சுற்றிக்கொண்டே இருந்தார். பெட்டிக்காரர் பிழைப்புதான் சிரிப்பாய்ச் சிரித்தது.

முதலில் டயர் கடைக்காரர் கேட்டார். "என்ன பெட்டிக்காரரே, மாப்பிள்ளை வண்டியில கிலுகிலுப்பை கட்டி விட்டிருக்கீங்க?" அப்புறம் வாட்டர்வாஷ்காரர். அப்புறம், வருஷக்கணக்காக இவரைத் தவிர யாரிடமும் போகாத வேன்காரர் வந்து நெளிந்து, "கண்ணாடி மாத்திக்கலாம்ல அண்ணே, வயசாகுதுல்ல" என்று இதமாகச் சொல்லிவிட்டு, கியர்பெட்டி வேலையை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார். பெட்டிக்காரர் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

"சொல்லிடலாம் அண்ணா. உன் பேர் கெட்டுப்போகுது" என்றாள் தங்கை.

"வாயை மூடு. கெட்டா கெடட்டும். அந்த ஆள் நேத்து மாடிப்படி ஏறினாரே பாத்தியா? கைப்பிடியைத் தொடல. அதை எவன் கெடுத்தாலும் நான் மனுஷனா இருக்க மாட்டேன்." கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு நல்ல நட்டை எடுத்து மூலையில் எறிந்தார்.

பந்தய ஞாயிறு வந்தது. பாதையோரம் கூட்டம், புகை, ரப்பர் கருகிய வாடை. சிவப்பு வண்டி வரிசையில் நின்றது. பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளை வண்டி. அதன் சொந்தக்காரன் மைக் இல்லாமலேயே ஊருக்குக் கேட்கப் பேசுகிறவன். மாப்பிள்ளை பெடலை மிதித்ததும் கலகல.

"யாருப்பா இதுக்குக் கிளட்ச் போட்டது?" என்றான் வெள்ளை வண்டிக்காரன். "ஓ, பெட்டிக்காரரா! சொந்தக்காரங்க கையில வண்டியைக் கொடுத்தா இதான் கதி. அவருக்குக் கை போயிடுச்சுன்னு சொல்றாங்களே, நெசம்தான் போல!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பெட்டிக்காரர் குனிந்து டயரில் காற்று பார்த்தார். ஏற்கெனவே பார்த்த டயர்தான். காது மடல் சுட்டது. திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பார், ஆனால் கேட்டால் உண்மை வெளியே வரும்.

இன்ஜின் நின்றது. கதவு திறந்தது. மாப்பிள்ளை இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இது ரெட்டைப் பிளேட்டுங்க" என்றார். சத்தமாகவே சொன்னார். "மிதிச்சா இப்படித்தான் சத்தம் போடும், யார் மாட்டினாலும் போடும். சிங்கிள் பிளேட்டை மிதிக்க என் கால்ல தெம்பு இல்லை. விழுந்ததுக்கப்புறம் வரலை. இனிமே வருமான்னும் தெரியலை. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எங்க மச்சான் எனக்காக இதை மாட்டினாரு. குத்தம் சொல்லணும்னா என் காலைச் சொல்லுங்க. அவர் கையைச் சொன்னீங்க, நல்லா இருக்காது."

வெள்ளை வண்டிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, "இல்ல அண்ணே, சும்மா..." என்று முடிக்காமல் தன் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

மாப்பிள்ளை திரும்ப உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டபோது, பெட்டிக்காரர் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தார்.

"எப்பத் தெரியும்?"

"சாவியைத் திருப்பினப்பவே. அவ்வளவு படிச்சிருக்கேன், அந்தச் சத்தம் தெரியாதா மச்சான்? அதுலயும் நீங்க, சரியா உக்கார வைக்கலைன்னு சொன்னீங்க பாருங்க. உங்க வாயால."

"அப்புறம் ஏன்யா சும்மா இருந்தீங்க? ஊரே என்னைக் காறித் துப்புது!"

மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்புதான் மச்சான். கால் நல்லாயிட்ட மாதிரி கொஞ்ச நாள் இருந்து பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

பெட்டிக்காரர் உள்ளே கையை விட்டு அந்த இடது முழங்காலை ஒருமுறை அழுத்திப் பிடித்தார். பின்னால் நின்ற தங்கை, "கிரீஸ் கை அண்ணா, பேண்ட்டு பாழாப்போகுது" என்றாள், அழுகையோடு.

"பாழாப் போகட்டும். நான் வேற வாங்கித் தரேன்." பெட்டிக்காரர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து அதட்டினார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க! மாப்பிள்ளை வண்டி எடுக்கறாரு!"

மாப்பிள்ளை பெடலை மிதித்தார்.