தாடையை முன்னே தள்ளிய பெண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் திருடினேன். பல் மருத்துவமனை வராந்தாவில், வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் ஒரு பெண் கீழ்த்தாடையை முன்னே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பற்கள் பொருந்தியதும் தாடையை அப்படியே நிறுத்திக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

'பிறக்கும்போதே அவளுக்குத் தாடை சின்னதாக...' (வேண்டாம், மூக்கைச் சிந்த வைத்துவிடும்.)

அவள் ரயில் நிலைய அறிவிப்பாளர். பத்து வருடங்களுக்கு முன்னால் இதே டாக்டர் அவளுடைய தாடை எலும்பை இரண்டு பக்கமும் அறுத்து, முன்னே நகர்த்தி, தகடு வைத்து முடுக்கினார். பேச்சு திருந்தியது, வேலையும் கிடைத்தது. ஆனால் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. இன்றைக்கு மூன்று மில்லிமீட்டர்.

டாக்டருக்குத் தெரியாது. வருடா வருடம் அவர் "கடிங்க" என்றால் இவள் முன்னே தள்ளிக் கடிப்பாள். எக்ஸ்ரே எடுக்கும்போதும் அதே தள்ளல்தான்.

(பத்து வருடம் ஒருத்தி இப்படி நடிப்பாளா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் நல்ல டாக்டரிடம் "பரவாயில்ல டாக்டர்" என்று நீங்கள் புளுகியதே இல்லையா?)

3

இப்போது காதோரம் வலிக்கிறது. மைக்கில் ஊர்ப் பெயர்கள் குழறுகின்றன. மேலதிகாரி இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். இன்று சொன்னால் சரிசெய்ய வழி உண்டு, சொல்லாவிட்டால் மைக் போய்விடும்.

"பத்து வருஷம்மா, அசையவே இல்ல" என்றார் டாக்டர். "உங்களக் காட்டித்தான் வெளியில ஆபரேஷனுக்குக் காத்திருக்கறவங்களுக்குத் தைரியம் சொல்றேன்."

"நீங்க இல்லன்னா எனக்கு இந்த வேலையே இல்ல, டாக்டர்."

"வலி ஏதாவது?"

"அதெல்லாம்..."

4

முடிவு அ: மறைத்துவிடுகிறாள். (சப்பென்று இருக்கிறது.)

முடிவு ஆ: அழுதுகொண்டே சொல்கிறாள், டாக்டரும் கண்கலங்... (அடித்துவிட்டேன்.)

5

"எச்சில முழுங்கிட்டு, சும்மா கடிங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

விழுங்கினாள். தாடை தானாகப் பின்னால் போய், அதற்குப் பழகிப்போன இடத்தில் உட்கார்ந்தது. அடேயப்பா, என்ன சுகம்! மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. அவர் இன்னும் பார்க்கவில்லை. தாளில் 'தாடை நிலையாக' என்பது வரை வந்துவிட்டார்.

தாடையை முன்னே தள்ளச் சொல்லட்டுமா, அப்படியே விடச் சொல்லட்டுமா? இவளை இதுவரை கூட்டிக்கொண்டு வந்தவன் நான், எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்களாவது சொல்லுங்கள், சீக்கிரம். அவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்கிறார்.