பேக்கரிக்காரம்மாவின் நிழல் படுத்த கதை

பேக்கரிக்காரம்மாவுக்கு முன்பே அவருடைய நிழல் நோயில் படுத்துவிட்டது. காலையில் அவர் எழுந்து அடுப்பு மூட்டப் போனார்; நிழல் எழவில்லை, கட்டிலிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. மகன் பதறிப்போய் அதை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். டாக்டர் படுக்கை விரிப்பின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, நுரையீரல் என்றார். தொண்டையில் குழாய் இறக்கினார்கள், கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். பேக்கரிக்காரம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் நிழல் குழாயைப் பிடுங்கத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரங்கள் ஓடின. "எதையும் விட்டுடாதீங்க டாக்டர்" என்றான் மகன். "அம்மாவைச் சித்திரவதை பண்றே" என்றாள் மகள். அண்ணனும் தங்கையும் வராந்தாவில் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

"நான் குத்துக்கல்லாட்டம் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றார் பேக்கரிக்காரம்மா.

"அபசகுனமா பேசாதீங்கம்மா" என்றான் மகன்.

"சகுனம்தான் படுத்துக் கிடக்கே. கேளு. குழாயை எடுக்கச் சொல்லு. வலிக்கு மருந்து கொடுத்தாப் போதும். நாளைக்கு எனக்கும் இதேதான். அப்ப என்னால பேச முடியலேன்னா நீதான் எனக்கு வாய்."

"தங்கச்சிகிட்ட சொல்லுங்களேன்."

"அவ சொன்னா நீ சண்டைக்கு நிப்பே. நீ சொன்னா அவ அழுதுட்டு ஒத்துக்குவா."

மகன் போய்ச் சொன்னான்; டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். குழாயை எடுத்ததும் நிழல் நிம்மதியாக மூச்சுவிட்டது. வீட்டுக்கு வந்து, ஒரு சாயங்காலம் வெளிச்சத்தோடு கரைந்துபோனது. அதற்குப்பின் பேக்கரிக்காரம்மா பல வருஷம் நிழலில்லாமலே ரொட்டி விற்றார். வாடிக்கைக்காரர்கள் முதலில் தரையைப் பார்த்தார்கள், பிறகு ரொட்டியைப் பார்த்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவர் கல்லாவிலேயே சரிந்தார். பேச்சு போயிற்று, நினைவும் போயிற்று. ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் குழாயோடு வந்து நின்றபோது மகனுக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. தங்கை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாம் டாக்டர். அம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்றான். அப்புறம்தான் அழுதான். தங்கை அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலிக்கு ஊசி போட ஒரு நர்ஸ் வந்துபோனார். மகள் தலை வாரிவிட்டாள், மகன் ஈரத்துணியால் உதட்டை நனைத்தான். இருவரும் சின்ன வயதுச் சண்டைகளைப் பேசிச் சிரிக்கவும் செய்தார்கள். ஒரு மத்தியானம் அந்தச் சிரிப்பின் நடுவிலேயே அம்மாவின் மூச்சு நின்றது. ஜன்னல் வெயில் அவர்மேல் விழுந்து, எதிலும் தடுக்காமல் நேரே சுவர்வரை போனது. அம்மாவுக்குக் கண் கூசுமே என்று மகன் எழுந்து திரையை இழுத்துவிட்டான்.